நரம்பு கலக்குது, ஆளு கலக்கலியே!

இசை ரசிகரான நண்பர் ஒருத்தர் ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டுக் காட்டினார். மாலி நாட்டு துமானி தியாபாத்தே 2008-இல் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு பார்பிக்கன் அரங்கில் கோரா வாசித்தது. 2021-இல் ‘கோரோலென்’ என்ற பெயரில் வெளிவந்தது. “கேளுங்க தோழர், ஆப்பிரிக்க யாழ் ஐரோப்பாவுக்குப் போய் வயலினோட கலந்திருச்சு. இசைக்கு ஏது எல்லை, ஏது சாதி?” என்று புல்லரித்தார். வாசிப்பு அற்புதம்தான். எனக்கும் கண் கலங்கியது. ஆனா அந்தக் கடைசிக் கேள்விதான் தொண்டையில சிக்கிக்கிச்சு.

ஏது சாதியா?

கோரா என்பது பாதியாக அறுத்த பெரிய சுரைக்குடுக்கை. மேலே இழுத்துக் கட்டிய மாட்டுத்தோல். 21 நரம்புகள். அந்தக் காலத்தில் தோலை வாராக முறுக்கிக் கட்டினார்கள், இப்போது தூண்டில் நைலான். அதை வாசிப்பவர்கள் மண்டிங்கா மக்களில் ‘ஜாலி’ எனப்படும் பாணர்கள். பிறப்பால் மட்டுமே பாணர்கள். மேலே சுதந்திரக் குடிகள், கீழே அடிமைகள், நடுவில் கொல்லர், தோல் வேலை செய்வோர், பாணர் என்று அடுக்கிய சமூகம் அது. பாணர் ராஜாவின் வம்சத்தைப் பாடணும், சண்டையைத் தீர்த்து வைக்கணும், பரிசு வாங்கிக்கணும். அவர் வாய்க்கு ராஜாவே பயப்படுவான். பொண்ணு மட்டும் கொடுக்க மாட்டான்.

தன் குடும்பத்தில் 71 தலைமுறைப் பாணர்கள் என்று மறைந்த துமானி சொல்லி வந்தார். அரங்கம் கை தட்டியது. எழுபத்தொரு தலைமுறைக்கும் ஒரே தொழில் என்றால் அது பெருமை மட்டும்தானா? வெளியேறும் கதவு எங்கே இருந்தது? உள்ளே வரவும் கதவில்லை. ராஜவம்சத்தில் பிறந்த சாலிஃப் கெய்ட்டா பாட வந்தபோது, ‘நம்ம குலத்துக்கு இது ஆகாது’ என்று குடும்பமே எதிர்த்தது.

பக்கத்து செனகலில், ஸெரெர் மக்களிடையே, பாணர் செத்தால் மண்ணில் புதைக்க மாட்டார்கள். மண் மலடாகிவிடுமாம்! பொந்து விழுந்த பாவோபாப் மரத்துக்குள் சடலத்தை வைத்தார்கள். 1960-இல் நாடு விடுதலை பெற்ற பிறகு, கவிஞரும் குடியரசுத் தலைவருமான செங்கோரின் ஆட்சிதான் இதைத் தடை செய்தது.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. எங்க தாத்தா செத்த மாட்டை உரிச்சு, புளியங்கொட்டைப் பசையில தோலை ஒட்டிப் பறை கட்டினவரு. ஊர்ச் சாவுக்கெல்லாம் அடிச்சவரு. அவரு செத்தப்ப ஊர்ப்பாதையில பாடை போகக் கூடாதுன்னு மறிச்சாங்க. வயல் சேத்துல முழங்கால் புதையத் தூக்கிட்டுப் போனோம்.

ஜாலி தீண்டப்படாதவர் அல்ல. நம் வதை வேறு, அவர்கள் கட்டு வேறு. ஆனால் பிறப்பு தொழிலைத் தீர்மானிக்கிறது, தொழில் பந்தலையும் புதைகுழியையும் தீர்மானிக்கிறது. இதையெல்லாம் உலகம் பேசட்டும் என்று 2001-இல் நம்மவர்கள் டர்பன் மாநாட்டுக்குப் போனபோது, சாதியை அங்கே பேசக் கூடாது என்று மறித்தது இந்திய அரசு. 2002-இல் ஐ.நா.வின் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு, சாதியும் பிறப்பு அடிப்படையிலான பாகுபாடே என்று சொல்லிவிட்டது.

நண்பரே, சுரைக்குடுக்கை கடல் தாண்டும், வயலினோடு சேரும். சந்தோஷம். நானும் கை தட்டுறேன். ஆனா அதுக்குப் பேரு கலப்புன்னு அவசரப்பட்டுச் சொல்லாதீங்க. கலப்பைக் கல்யாணப் பந்தல்லயும் சுடுகாட்டுப் பாதையிலயும் காட்டுங்க. அப்புறம் கேளுங்க, ஏது சாதின்னு.