ஏழு சுங்கான்களும் ஒரு பல்லடையாளமும்

பெரியப்பாவிடம் ஏழு சுங்கான்கள் இருக்கின்றன. வீட்டில் நாங்கள் பைப் எண்டுதான் சொல்லுவம். அவர் இருபது வருசத்துக்கு மேல் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். மற்ற ஆக்கள் துறைமுகங்களில் ரேடியோவும் சென்ரும் வாங்கிக்கொண்டு வர, இவர் பைப் வாங்கியிருக்கிறார்.

போன வருசம் பல்லுக் காட்டப் போன இடத்தில், அவருடைய இடப்பக்க உள்கன்னத்தில் வெள்ளையாய் ஒரு படலம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு சின்னத் துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரைக்கும் வீட்டில் ஒருத்தரும் சரியாய் நித்திரை கொள்ளவில்லை. புற்றுநோய் இல்லை. ஆனால் இனி ஒரு தரம்கூடப் பத்தக்கூடாது எண்டு சொல்லிவிட்டார்கள். அதோடை பெரியம்மா தீர்ப்புச் சொன்னா: ஏழும் வீட்டில் இருக்க ஏலாது, நினைவுக்கு ஒன்று மட்டும் இருக்கலாம், மிச்சம் போகவேணும்.

எதை வைப்பது எண்டு முடிவு சொல்லும் வேலை என்னிடம் வந்தது. "பிள்ளை, நீதானே படத்துக்கும் புத்தகத்துக்கும் விமர்சனம் எழுதுறனி. இதுக்கும் ஒண்டு எழுதன்" எண்டார் பெரியப்பா. நக்கல்தான். ஆனாலும் நான் கொஞ்சம் வாசித்தேன், ஏழையும் மேசையில் பரப்பி வைத்து ஒரு பின்னேரம் முழுக்கப் பார்த்தேன். நான் புகைப்பதில்லை. அதனால் ருசி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பொருளைப் பற்றி மட்டும்தான் சொல்லலாம்.

முதலில் கண்ணில் பட்டது மீர்ஷாம். துருக்கியில் எஸ்கிசெஹிர் பக்கம் நிலத்தடியில் தோண்டி எடுக்கிற மெல்லிய வெள்ளைக் கல்லில் செதுக்குவது. தலைப்பாகை கட்டிய தாடிக்காரக் கிழவர் ஒருவரின் முகம். சரியான வடிவு. இந்தக் கல்லின் குணம் என்னவெண்டால், பத்தப் பத்தப் புகையிலைச் சாற்றை உறிஞ்சித் தேன் நிறமாகி, பிறகு மண்ணிறமாகும். ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி. பெரியப்பாவின் கிழவர் இவ்வளவு வருசத்துக்குப் பிறகும் வெள்ளையாய்த்தான் இருக்கிறார். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்தது தென்னாபிரிக்காவின் சுரைக்குடுவையில் செய்த கலபாஷ். ஷெர்லக் ஹோம்ஸின் பைப் எண்டு எல்லாரும் நினைப்பது இதைத்தான். ஆனால் கொனன் டொயிலின் கதைகளில் ஹோம்ஸ் பிடிப்பது களிமண், பிரையர், செரி மரப் பைப்புகள். கலபாஷ் பிறகுதான் அவருடைய வாயில் வந்து ஏறினது. கையால் தாங்கிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருப்பவருக்குச் சரி. எஞ்சின் அறையில் இரண்டு கையாலும் வேலை செய்கிற மனிசனுக்கு அது என்னத்துக்கு?

சோளப்பொத்தியில் செய்த பைப்பைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. பிறகு வாசித்தால், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வாஷிங்டன் எண்ட சின்ன நகரத்தில் 1869இலிருந்து இதைச் செய்து வருகிறார்களாம். ஜெனரல் மக்ஆதர் படங்களில் வைத்திருப்பதும் இதுதான். மலிவு, பாரமில்லை, எரிந்து ஓட்டையானால் எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கலாம். நினைவுப் பொருளாய் வைக்கிறதுக்கு மட்டும் பொருத்தமில்லை.

மிச்சம் நான்கும் பிரையர். மத்தியதரைக்கடல் கரைகளில் வளரும் ஒரு பற்றைச்செடியின் வேருக்கும் தண்டுக்கும் நடுவில் முண்டாய்த் திரளுகிற கட்டை அது. அவித்து, மாதக்கணக்காய் உலர்த்தி, பிறகு கடைவார்கள். இலேசில் எரியாது, சூட்டைத் தாங்கும். நான்கில் ஒன்று டப்ளினின் பீட்டர்சன். சார்ள்ஸ் பீட்டர்சன் 1890இல் காப்புரிமை எடுத்த வடிவம்: கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி, புகையோடு வருகிற ஈரம் வாய்க்கு வராமல் அதில் தங்கிவிடும்.

பைப் சேகரிப்பவர்கள் 'நம்பகமானது' எண்டு சொல்லும்போது இப்படியான விசயங்களைத்தான் சொல்லுகிறார்கள். கொர கொர எண்டு ஈரம் கட்டக்கூடாது. கைசுடக்கூடாது. புகையிலை அடிமட்டும் எரிந்து வெறும் சாம்பலாகவேணும். அதற்குப் புகைத்துளை கிண்ணத்தின் அடியோடு சரியாய்ப் போய்ச் சேரவேணும். கொஞ்சம் மேலே ஏறிவிட்டால் அடியில் ஈரப் புகையிலை தங்கும். பஞ்சு சுற்றின கம்பியை வாய்க்குழாயால் விட்டுப் பார்த்தால் தெரியும். நான் விட்டுப் பார்த்தேன். ஒரு பிரையரில் துளை உயரத்தில் இருந்தது, இன்னொன்றில் கம்பி பாதியில் இறுகியது. அது இரண்டும் தோல்வி.

ஆக, என்னுடைய விமர்சன மூளை பீட்டர்சனுக்குப் பரிசு கொடுத்தாயிற்று. அப்போதுதான் ஏழாவதைச் சரியாய்ப் பார்த்தேன்.

பெயர் தேய்ந்துபோன ஒரு பிரையர். விளிம்பு கருகியிருந்தது. வல்கனைற் வாய்க்குழாய் வெயிலிலும் எச்சிலிலும் கறுப்புப் போய்ப் பாசி நிறமாகியிருந்தது. ஒரு பைப்பைப் பத்தினால் மரம் காய ஒரு நாளாவது ஓய்வு கொடுக்கவேணும் எண்டு சொல்லுவார்கள். நாளுக்கு ஒன்றாய் ஏழு வைத்திருக்கிற பழக்கமே அதனால்தான். பெரியப்பா அந்தச் சட்டத்தை மதிக்கவில்லை. ஏழு இருந்தும் கிழமையில் ஐந்து நாள் இதுதான் எண்டு அவரே ஒத்துக்கொண்டார். வாய்க்குழாயின் நுனியில், இடப்பக்கமாய், இரண்டு ஆழமான பல்லடையாளம்.

இடப்பக்கம். நான் அவரைப் பார்த்தேன். அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இந்த 'நம்பகமான' எண்ட சொல்லில் ஒரு கோபம் வந்தது அப்போதுதான். ஒரு பொருள் ஒரு நாளும் தொந்தரவு தராமல், ஒவ்வொரு முறையும் இதமாய், ஒரே மாதிரி வேலை செய்வதைத்தான் நாங்கள் நம்பகம் எண்டு புகழுகிறோம். கொர கொரத்த பைப்பும் கைசுட்ட பைப்பும் இவரை விரட்டிவிட்டன. அவை இவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. செய்தது இந்த நல்ல பைப். பொருட்களுக்குப் புள்ளி போடுகிற நாங்கள், அந்தப் பொருள் பாவிக்கிறவரை என்ன செய்கிறது எண்டதற்கு ஒரு பத்தியும் ஒதுக்குவதில்லை.

இன்னொரு விசயமும் சொல்லவேணும். யாழ்ப்பாணம் புகையிலையால் வாழ்ந்த மண். ஒல்லாந்தர் காலத்திலேயே எங்கடை புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பல் ஏறினது. தாத்தாமாரின் சுருட்டு நாற்றம் எங்கள் எல்லாருக்கும் தெரியும், அதைத் திட்டவும் தெரியும். ஆனால் அதே இலை ஒரு பைப்புக்குள் போனவுடனே படிச்ச மனிசனின் இலட்சணமாகிவிடுகிறது. "புகையை உள்ளுக்கு இழுக்கிறதில்லைத்தானே" எண்டு பெரியப்பா எத்தினை தரம் சொல்லியிருப்பார். உள்ளே இழுக்காவிட்டாலும் உதடும் நாக்கும் கன்னமும் தொண்டையும் அந்தப் புகைக்குள்ளேதான் இருக்கின்றன. புற்றுநோய் அங்கேயும் வரும்.

பெரியம்மாவுக்கு வெள்ளைக் கிழவரை வைக்க விருப்பம். வடிவானது, குற்றமில்லாதது, ஷோகேசில் வைக்கலாம். எனக்கு அது சரியாய்ப் படவில்லை. அது வேறு யாரோ ஒருவரின் வாழ்க்கையின் நினைவுச்சின்னம் மாதிரி இருக்கும். ஐன்ஸ்டீனின் பைப் ஒன்று வாஷிங்டன் டி.சி.யில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வைத்தியர்கள் புகைக்கவேண்டாம் எண்ட பிறகும் மனிசன் சும்மா வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருந்ததில் வாய்க்குழாயில் ஓட்டை விழுந்திருக்கிறது. அந்த ஓட்டையோடுதான் வைத்திருக்கிறார்கள்.

அதனால் என்னுடைய தீர்ப்பு ஏழாவதுக்குத்தான். ஆனால் பயமும் இருந்தது. நெருப்பு வைக்க ஆகச் சுலபமானதும் அதுதானே. "வாய்க்குழாயைக் கழட்டிப்போடுவம் பெரியப்பா. கிண்ணம் உங்களிட்டை இருக்கட்டும், குழாய் பெரியம்மாவிட்டை இருக்கட்டும்" எண்டேன்.

அவர் கனநேரம் கதைக்கவில்லை. பிறகு பைப்பை எடுத்து, மெல்லமாய்த் திருகி, குழாயைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"நீயே கொண்டு போ பிள்ளை. அவவிட்டை இருந்தால் நான் கேட்டு வாங்கிப்போடுவன்."

இப்போது அது என்னுடைய மேசை லாச்சிக்குள் இருக்கிறது. போன மாதம் ரெலிபோனில் வேறு என்னவோ கதைத்து முடித்துவிட்டு, வைக்கப் போகிற நேரம், "உன்னட்டைத் தந்தது இருக்குதோ?" எண்டு கேட்டார். ஓம் எண்டேன். "சரி, இருக்கட்டும்" எண்டு வைத்துவிட்டார்.