வேதம் மட்டும் போதாது என்றது உத்திரமேரூர். எம்பிபிஎஸ் மட்டும் போதுமா?

உத்திரமேரூர் என்றதும் எல்லாருக்கும் குடவோலைதான் ஞாபகம் வரும். குடத்தில் ஓலைகளைப் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்ன கதை ஸ்கூல்லயே படிச்சதுதான். ஆனால், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அதைவிட சுவாரஸ்யமான பகுதி ஒன்று உண்டு. யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்கிற தகுதிப் பட்டியல்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. வாரிய உறுப்பினருக்கு வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அதோடு நிறுத்தவில்லை. காரியத்தில் தேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு நிபந்தனை. படிப்பு வேற, நாலு பேரை வைத்து வேலையை நடத்தத் தெரிவது வேற என்று 1,100 வருஷத்துக்கு முன்பே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். (நிலம் இல்லாதவருக்கும், வேதம் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்டவருக்கும் அங்கே இடமில்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.)

நம்ம மருத்துவத் துறை இன்னும் இப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை.

உத்திரமேரூர் மாதிரி கிராமங்கள் நிறைந்த ஒரு வட்டாரத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதல் போஸ்டிங் வாங்கி வரும் டாக்டரை யோசித்துப் பாருங்கள். வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கலாம். விதிப்படி சமவெளிப் பகுதியில் சுமார் 30,000 பேருக்கு ஒரு நிலையம். காலையில் ஓபி வரிசை. அது அவருக்குத் தெரிந்த வேலை. அதற்குப் பிறகு வருவதுதான் சிக்கல். ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு டியூட்டி போட வேண்டும். மருந்து இருப்பைப் பார்த்து இண்டென்ட் போட வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் உரசல் வந்தால் தீர்த்து வைக்க வேண்டும். நோயாளர் நலச் சங்கத்தின் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். மாசக் கடைசியில் ரிவ்யூ மீட்டிங்கில் நின்று பதில் சொல்ல வேண்டும். இருபது வருஷ சர்வீஸ் உள்ள பார்மசிஸ்ட்டிடம், “அக்கா, இந்த ஸ்டாக் கணக்கு இடிக்குதே” என்று எப்படி ஆரம்பிப்பது? எந்தப் பரீட்சையிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை.

இத்தனைக்கும் 2019-ல் வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டம், மருத்துவருக்கு ஐந்து பொறுப்புகளைச் சொல்கிறது. அதில் ஒன்று, சுகாதாரக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருப்பது. காகிதத்தில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால், ஊசி போடுவதைப் போலக் கைப்பழக்கமாக அதை யார் கற்றுக்கொடுக்கிறார்கள்?

“தலைமைப் பண்பு பிறவியிலேயே வரணும்” என்று சொல்லும் சீனியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் திறமையான சர்ஜன் என்பது உண்மை. ஆனால், அந்த மருத்துவமனை வளர்ந்ததற்குப் பெரிய காரணம் வேலையைப் பிரித்த விதம். பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, பரிசோதனை முதல் ஆபரேஷனுக்கான தயாரிப்பு வரை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். சர்ஜன் ஒரு கேஸை முடித்துத் திரும்பினால், பக்கத்து டேபிளில் அடுத்த நோயாளி தயார். இந்த நிர்வாக முறையை மற்ற கண் மருத்துவமனைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே 1992-ல் லைகோ என்ற பயிற்சி நிறுவனத்தையும் ஆரம்பித்தார்கள். பிறவிக் குணமாக இருந்தால் வகுப்பு எதற்கு?

இன்னொரு உதாரணம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை, புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தார்கள். 2009-ல் வெளியான முடிவுப்படி, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அந்தப் பட்டியலில் ஒரு வரி, கத்தி வைப்பதற்கு முன் எல்லாரும் பெயரையும் தங்கள் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது. பெயர் சொல்லிப் பேசிப் பழகிய நர்ஸ், ஏதோ தப்பு நடக்கிறது என்று தோன்றினால் வாயைத் திறப்பார். பெரிய டாக்டருக்குப் பயந்து நிற்கிற நர்ஸ் திறக்க மாட்டார்.

உத்திரமேரூர்க்காரர்கள் இன்னும் சில விஷயங்களை யோசித்திருந்தார்கள். பதவி 360 நாள்தான். கணக்குக் காட்டாதவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களும் போட்டியிட முடியாது. 919-ல் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே வருஷத்தில் அதை 35 முதல் 70 என்று மாற்றினார்கள். விதி சரிவரவில்லை என்றால் திருத்து, அவ்வளவுதான். நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் பல வருஷமாக ஒரே மாதிரி நிரப்பப்படும் ரிஜிஸ்டர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. காலிப் பணியிடத்தை நிரப்பாமல், இருக்கிற ஒரு டாக்டருக்கு ‘மேனேஜ்மென்ட் ட்ரெய்னிங்’ கொடுத்துச் சமாளிக்கச் சொன்னால் அது ஏமாற்று வேலை. மூணு நர்ஸ் தேவைப்படும் இடத்தில் ஒருத்தரை வைத்து எந்தத் தலைவராலும் ரோஸ்டர் போட முடியாது.

ஆள் இருக்கும் இடத்திலாவது தொடங்கலாம். ஹவுஸ் சர்ஜன் வருஷத்தில் சமூக மருத்துவத்துக்கென்று வாரங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அதில் ரெண்டு வாரம், ஓபி பார்க்காமல், ஸ்டாக் ரூமிலும் ரோஸ்டரிலும் ரிவ்யூ மீட்டிங்கிலும் உட்காரட்டும். சொல்லிக்கொடுக்க வேண்டியவர் பேராசிரியர் இல்லை. அந்த வட்டாரத்தில் பத்து வருஷம் குப்பை கொட்டிய மருத்துவ அலுவலரும், அந்த பார்மசிஸ்ட் அக்காவும்தான்.