கலப்பினப் பசுவும் தீனிக் கணக்கும்

கலப்பினப் பசு தரும் பாலை அளக்கும் நாம், அது உண்ணும் தீனியை அளப்பதில்லை. தீனியில் கிடைக்கும் சக்தியில் ஒரு பகுதி மூச்சுவிடவும் நடமாடவும் உடலைக் காக்கவும் செலவாகிறது, எஞ்சியதே பாலாகிறது. உடல் பெருத்தால் இப்பராமரிப்புச் செலவும் பெருகும். 250 கிலோ எடையுள்ள நாட்டுப் பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 கிலோகலோரி வேண்டுமாயின், 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவுக்கு 7,000 வேண்டும். பால் சுரக்க, கிலோ ஒன்றுக்குச் சுமார் 750 தனி.

நாட்டுப் பசு 2 கிலோவும் கலப்பினப் பசு 8 கிலோவும் கறந்தால், ஒரு கிலோ பாலின்மேல் விழும் பராமரிப்புச் செலவு முன்னதில் 2,500. பின்னதில் 900க்கும் குறைவு. கலப்பினத்தின் ஆதாயம் பெரிதும் இதில்தான் உள்ளது. (ஆசிரியர்கள் இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம்.) ஆனால் வைக்கோலை மட்டுமே போட்டுக் கறவை 3 கிலோவுக்கு இறங்கினால் ஆதாயம் அநேகமாக மறைந்துவிடும். பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பால் சுரந்து மெலியும். சினைப் பருவத்திற்கு வாராது. கோடையிலோ தீனி குறையும். இளைப்பதற்கும் சக்தி செலவாகும்.

கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் சாஹிவால், தார்ப்பார்க்கர் பசுக்களிலிருந்து கரன் சுவிஸ், கரன் பிரீஸ் ஆகிய கலப்பினங்களை உருவாக்கியது. பண்ணையில் காணும் கறவையை மானாவாரிக் குடியானவரின் தொழுவத்தில் எதிர்பார்க்கலாகாது. 2019 கணக்கெடுப்பில் கலப்பின, அயலின மாடுகள் 5 கோடிக்குமேல் இருந்தன. ஆகவே, கருவூட்டச் செல்லும் ஊழியர் முதலில் பசுந்தீவன நிலம் எவ்வளவு என்று கேட்கட்டும். அது இல்லாவிடத்து, தேர்ந்த நாட்டுப் பொலிகாளையே தக்கது.