வழங்கி சென்னையில், தமிழ் எங்கே?

பாளையங்கோட்டையில் ஒருவன், மேலப்பாளையத்தில் ஒருவன், சேரன்மாதேவியில் ஒருவன், அம்பாசமுத்திரத்தில் ஒருவன், திருவைகுண்டத்தில் ஒருவன் என ஐந்து இளைஞர் இரவில் கணினிவழி ஓரணியாய்க் கூடுகின்றனர். ஐவரும் பொருநை நீர் குடித்தோர். ஐவர்க்கும் தாய்மொழி தமிழ். ஆயினும் அவர்கள் ஆடும் களத்தில் ஒரு சொல்லேனும் தமிழில் இல்லை.

பலர் கூடியாடும் இவ்விளையாட்டுகளில், ஒருவரின் அசைவை ஏனையோர்க்கு உடனுக்குடன் உரைப்பது 'சர்வர்' எனப்படும் வழங்கி. அது தொலைவில் நின்றால் ஆட்டம் பிந்தும். அருகில் நின்றால் முந்தும். இஃதறிந்தே 'கவுண்டர் இசுடிரைக்கு' விளையாட்டை நடத்தும் 'வால்வு' நிறுவனம் மும்பையிலும் சென்னையிலும் வழங்கிகளை நிறுவியது. ஆடுவோன் தமிழன்; வழங்கி நிற்பதும் தமிழ்மண். ஆனால் அந்நிறுவனத்தின் 'இசுடீம்' தளத்து முகப்பு மொழிகளில், ஏறத்தாழ 55 இலக்கம் மக்களே வாழும் நார்வேயின் மொழிக்கு இடமுண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 7 கோடியே 21 இலக்கம் மக்களைக் கொண்ட தமிழ்நாட்டின் மொழிக்கு இடமில்லை! நம் மண் வேண்டும், நம் காசு வேண்டும், நம் மொழி மட்டும் வேண்டா என்பது என்ன முறை?

வணிகன் கேட்கும் மொழியையே தருவான் என்பார் உளர். மெய்யே. கேட்டவர் யார்? தமக்குள் உரையாடும்போதும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, தம் அணிக்கும் ஆங்கிலப் பெயரே சூட்டிக்கொள்ளும் இளைஞரைக் கண்டு, இவர்க்குத் தமிழ் வேண்டும் என்று எவன் எண்ணுவான்? பழியில் பாதி நம்முடையது.

இயலாது என்பது பொய். 'மைன்கிராப்டு' விளையாட்டின் 'சாவா' பதிப்பில் இன்று தமிழ் உண்டு. அதை உருவாக்கியோர் கூலி பெற்றவரல்லர். தாமே முன்வந்து மொழிபெயர்த்தவர். அவ்விளையாட்டுக்குரிய வழங்கியை எவரும் தம் கணினியிலேயே நிறுவலாம். அதற்குத் தமிழ்ப்பெயர் சூட்டலாம். அறிவிப்பனைத்தையும் தமிழில் எழுதலாம்.

1906ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் வெள்ளையன் கப்பலில் ஓர் இருக்கை கேட்டு நிற்கவில்லை. தூத்துக்குடியில் தம்மவர்க்கெனக் கப்பற் குழுமமே கண்டார். அவர் பிறந்த நெல்லைச் சீமையின் இளைஞர், பிறர் களத்தில் ஊமையாய் ஆடுவது தகுமோ? தமக்கெனக் களம் அமைக்க, அதில் தமிழில் பேசுக, தமிழிலேயே எழுதுக, பிறர் களத்திலும் தமிழைக் கேட்டுப் பெறுக!