ஏழாவது மாதத்தில் தெரிந்து என்ன பயன்?

"வயித்து வலி" என்றுதான் அழைத்து வருகிறார்கள். தாய்க்கும் அவ்வளவுதான் தெரியும். அரசு ஆஸ்பத்திரி சீட்டில் வயது 16 என்று எழுதப்படுகிறது. டாக்டர் அம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறுகிறது. ஸ்கேன் எடுத்தால் 7 மாதம்.

அப்புறம் நடப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. மகளிர் போலீசார் வருவார்கள். "சிறுமி கர்ப்பம்: வாலிபர் கைது" என்று மறுநாள் பத்திரிகையில் ஆறு வரி வரும். மின்சார ரெயிலில் அதைப் படிப்பவர் "காலம் கெட்டுப்போச்சு சார்" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு சினிமா பக்கத்தைத் திருப்புவார்.

காலம் இன்றைக்குக் கெட்டதல்ல. நம் பாட்டிமார் பலரும் 15 வயதில் முதல் பிள்ளை பெற்றவர்கள்தான். 1929-ல் சாரதா சட்டம் வந்தபோது பெண்ணின் கல்யாண வயது 14. அது 18 ஆனது 1978-ல். கழுத்தில் தாலி இருந்ததால் அந்தக் காலத்தில் அது செய்தி ஆகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தாலி ஏறிய சிறுமிகள் இப்போதும் இருக்கிறார்கள். 2019-21 தேசிய குடும்ப நல சர்வேயில், 20 முதல் 24 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 13 பேர் 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள். 2015-16 சர்வேயில் இது 16. குறைந்திருக்கிறது, சரி. ஆனால் 15 முதல் 19 வயதுக்குள் தாயானவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள் கணக்கு 100-க்கு 5-லிருந்து 6-க்கு மேல் ஏறிவிட்டது. இதை யாரும் மேடையில் பேசுவதில்லை.

இந்த வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்த சோகை. அந்த உடம்பில் ஒரு பிள்ளையும் வளர்ந்தால்? ரத்தக் கொதிப்பு, பிரசவ ஜன்னி, எடை குறைந்த குழந்தை. டாக்டர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம்.

யார் சொன்னது அவளுக்கு?

பெண் பெரியவளானால் மண்டபம் பிடிக்கிறார்கள். பேனர் கட்டுகிறார்கள். தாய்மாமன் சீர் தாம்பாளம் தாம்பாளமாக வருகிறது. மைக் செட் அலறுகிறது. தெரு முழுக்க சேதி போய்விடுகிறது. ஆனால் "இனிமேல் உனக்குக் கர்ப்பம் தரிக்கும், எப்படித் தரிக்கும், யாராவது தொட்டால் என்ன செய்யணும்" என்று அந்தப் பெண்ணைத் தனியே உட்கார வைத்துச் சொன்ன வீடு எத்தனை? மஞ்சள் நீராட்டுக்கு வட்டிக்கு வாங்கி லட்சம் செலவழிக்கிறவர்களுக்கு இந்த அரை மணி நேரம் கிடைப்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. "இதை வீட்டிலே படிச்சுக்கோங்க" என்று தாண்டிப் போகிற வாத்தியார்கள் இன்றும் உண்டு. பையன்கள் சிரிப்பார்கள் என்ற பயம். சிரித்த பையன் செல்போனில் பார்த்துத் தெரிந்துகொள்கிறான், அதுவும் தப்புத் தப்பாக.

இத்தனைக்கும் குடும்பக் கட்டுப்பாட்டில் தமிழ்நாடு கெட்டிக்கார மாநிலம். சிவப்பு முக்கோணம் வரையாத ஆஸ்பத்திரிச் சுவர் ஒரு காலத்தில் கிடையாது. நிரோத் 1968-லேயே வந்துவிட்டது. அந்தப் பிரசாரமெல்லாம் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற தம்பதிகளுக்குத்தான். 16 வயதுப் பெண்ணிடமும் 19 வயதுப் பையனிடமும் பேச ஆள் இல்லை. 10 முதல் 19 வயதுக்காரர்களுக்கென்று 2014-ல் மத்திய அரசு ஒரு சுகாதாரத் திட்டமே கொண்டு வந்தது. அப்படி ஒன்று இருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

பையனுக்கும் சொல்ல வேண்டும். 18-க்குக் கீழ் உள்ள பெண்ணின் சம்மதம் போக்சோ சட்டத்தில் செல்லாது. அவளைக் கர்ப்பமாக்கினால் 2019 திருத்தத்தின்படி தண்டனை குறைந்தது 20 வருடம். கல்யாணம் செய்து கொண்டாலும் தப்ப முடியாது. மனைவியே ஆனாலும் 18-க்குக் கீழ் குற்றம்தான் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் சொல்லிவிட்டது. காதலிக்கிற இளவட்டங்கள் விஷயத்தில் அவசரப்பட்டுக் கைது வேண்டாம் என்று 2022 டிசம்பரில் போலீஸ் டி.ஜி.பி. சுற்றறிக்கை விட்டார். சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

எல்லாமே காதல் கதையும் அல்ல. போக்சோ வழக்குகளில் பெரும்பாலும் குற்றவாளி சிறுமிக்குத் தெரிந்தவன். பக்கத்து வீட்டு அண்ணன், சித்தப்பா முறை, சில வீடுகளில் அதைவிட நெருங்கிய உறவு. "வெளியே சொன்னா உங்கம்மாவைக் கொன்னுடுவேன்" என்றால் 13 வயதுக் குழந்தை வாய் திறக்குமா? கருத்தடை பற்றி அந்தக் குழந்தைக்குச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவளுக்கு வேண்டியது சொன்னால் நம்புகிற ஒரு பெரிய மனுஷி. வீட்டில் இல்லாவிட்டால் 1098-க்குப் போன் போடலாம். ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். காசு கிடையாது.

போலீஸ் பயம்

விஷயம் ஏழாவது மாதம் வரை ஏன் இழுக்கிறது? இந்த வயதில் மாதவிலக்கு முன்னே பின்னே வருவது சகஜம். ஆகவே இரண்டு மாதம் தள்ளிப்போனாலும் பெண்ணுக்கே சந்தேகம் வராது. சந்தேகம் வந்த பிறகு பயம். 18-க்குக் கீழ் என்றால் டாக்டர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கே 6 மாதம் வரை ஜெயில் அல்லது அபராதம். இது தெரிந்த குடும்பம் ஆஸ்பத்திரிக்கு வராது. போலி டாக்டரிடம் போகும், அல்லது யாரோ வாங்கித் தந்த மாத்திரையை விழுங்க வைத்து, ரத்தம் கொட்டக் கொட்ட ஆட்டோவில் தூக்கி வரும்.

இந்தக் குடும்பங்களுக்குத் தெரியாத சேதி ஒன்று உண்டு. 2022 செப்டம்பர் 29-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொன்னது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பெற்றோரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையோ அடையாளத்தையோ டாக்டர் எழுத வேண்டியதில்லை. தீர்ப்பு வந்ததோடு சரி. அரசு ஆஸ்பத்திரி வாசலில் இதைத் தமிழில் எழுதி ஒரு போர்டு வைத்தால் என்ன? கோவில் வாசலில் செருப்புக்குப் போர்டு வைக்கிற ஊர் இது.

சட்டப்படி கருக்கலைப்புக்கு பெற்றோர் எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும். 20 வாரம் வரை ஒரு டாக்டர் போதும். சிறுமிகளுக்கு 24 வாரம் வரை, இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் செய்யலாம். அதையும் தாண்டினால் பெரும்பாலும் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதுதான். பயந்து பயந்து கடத்துகிற ஒவ்வொரு வாரமும் வழியை அடைக்கிறது.

படிப்பு பெரிய பாதுகாப்பு என்பதில் சந்தேகமில்லை. பிளஸ்-2 முடிக்கிற வரை பெண்ணை வீட்டில் நிறுத்தாமல் இருந்தாலே கல்யாணப் பேச்சு தள்ளிப்போகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் ரூ.1,000 என்று 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அந்த வகையில் நல்ல வேலை. ஆனால் பத்தாம் வகுப்பில் பெயிலானவளுக்கு அது எட்டாது. முதலில் கல்யாண மேடை ஏற்றப்படுகிறவள் அவள்தான்.

72 மணி நேரம்

கடைசியாக மருந்துக் கடை. உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் ஒரு மாத்திரை போட்டால் கர்ப்பம் தரிப்பதைப் பெருமளவு தடுக்கலாம். தினமும் போடுகிற மாத்திரை அல்ல, அவசரத்துக்கு மட்டும். கருவைக் கலைக்கிற மாத்திரையும் அல்ல. ஏற்கனவே தரித்த கருவை இது ஒன்றும் செய்யாது. இதைக் கருக்கலைப்பு மாத்திரை என்று நினைத்துக்கொண்டு பயப்படுகிறவர்கள் கடைக்காரர்களிலேயே உண்டு.

டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கலாம் என்று மத்திய அரசு 2005-லேயே விதியைத் தளர்த்தியது. ஆனால் சென்னையில் பல மருந்துக் கடைகளில் கேட்டால் "அது வர்றதில்லைங்க" என்றுதான் பதில். கேட்டவளை ஏற இறங்க ஒரு பார்வை வேறு. அரசாணை போட்டு யாரும் தடுத்ததாகத் தெரியவில்லை. எதுக்கு வம்பு என்று கடைக்காரர்கள் வாங்கி வைப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை "தடை கிடையாது, விற்கலாம்" என்று ஒரு பக்கத்தில் சுற்றறிக்கை அடித்து ஒவ்வொரு கடைக்கும் அனுப்ப வேண்டும். செலவு தபால் தலை மட்டும்தான்.