அட்வான்ஸைக் கட்டாதீர்கள்

செங்கல் சூளையிலிருந்து ஒரு குடும்பத்தை மீட்கப் போனால் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "வாங்கின அட்வான்ஸைக் கட்டிட்டு தாராளமா கூட்டிட்டுப் போங்க." சூளைக்காரர் மட்டுமல்ல, சில சமயம் காவல் நிலையத்திலும் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் இதே பேச்சுதான். நியாயம்போலத் தெரியும். புதிதாக வரும் மாணவத் தோழர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். சிலர் தங்களுக்குள் பணம் திரட்டிக் கட்டிவிடவும் தயாராகிறார்கள்.

கட்டாதீர்கள். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே ரத்து செய்துவிட்டது. ரத்தான கடனுக்குப் பணம் வாங்குவது 9ஆம் பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை. அதாவது, அரசு அலுவலகத்தில் நடக்கும் அந்தப் பஞ்சாயத்து, ஒரு குற்றத்துக்கு மேசை நாற்காலி போட்டுக் கொடுக்கிறது.

"அவங்களா விரும்பித்தானே வாங்கினாங்க?" என்பார்கள். மழைக்காலத்தில் வேலை இல்லை, சொந்தமாக நிலம் இல்லை, வங்கியில் கடன் கிடைக்காது. வீட்டில் ஒரு பிரசவமோ சாவோ வரும் நேரத்தில் மேஸ்திரி பணத்தோடு வந்து நிற்கிறார். பிறகு புருஷனும் பெண்டாட்டியும் நள்ளிரவில் எழுந்து கல் அறுக்கிறார்கள். பிள்ளைகள் காயும் கல்லைத் திருப்பிப் போடுகிறார்கள். கணக்கு நோட்டில் இருப்பது கணவன் பெயர் மட்டும். மழையில் கரைந்த கல்லுக்குக் கூலி கிடையாது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்புதான் என்று, ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லிவிட்டது. காலில் சங்கிலி இருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை.

சூளைகளில் நாங்கள் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் இருளர்கள், தலித்துகள். கோடிக்கணக்கில் வங்கிக்குக் கடன் வைத்திருப்பவரை யாரும் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து கல் அறுக்கச் சொல்வதில்லை.

அதனால் அடுத்த முறை அட்வான்ஸ் என்று யாராவது ஆரம்பித்தால், கணக்கு நோட்டைக் கேளுங்கள். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு 15ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவருடையது, நம்முடையதல்ல. விடுதலைச் சான்று கைக்கு வரும்வரை அலுவலகத்தை விட்டு நகராதீர்கள். அது இல்லாமல் மறுவாழ்வு உதவி வராது.

ஒருமுறை நாங்கள் நகர்ந்துவிட்டோம். இரவாகிவிட்டது, குழந்தைகள் பசியில் அழுதார்கள், சான்று நாளை தருகிறோம் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தக் குடும்பம் அதே சூளையில் இருந்தது, முன்னைவிடக் கூடுதல் அட்வான்ஸோடு.