இருப்புப்பாதையும் ஒற்றையடிப்பாதையும்

தனியே பிரயாணஞ் செய்பவனை நம் நாட்டிலே ஒருவரும் தனியே விட்டுவிடுவதில்லை. 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் மாத இறுதியில், காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் புகையிரதத்தில் நான் அமர்ந்திருந்தேன். கையிலே ஒரு துணிப்பை. காலிலே நடைக்கேற்ற செருப்பு. வலிகாமம் வடக்கின் கிராமங்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தல் வேண்டும் என்பதே என் நோக்கம். வவுனியாவில் ஏறி எனக்கெதிரே அமர்ந்த மூதாட்டி ஒருவர், ஓமந்தை கழிவதற்கு முன்னரே விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"தம்பி, ஆரிட்டைப் போறியள்?"

"ஒருத்தரிட்டையும் இல்லை, அம்மா. தெல்லிப்பழை, வசாவிளான் பக்கம் நடந்து பாக்கப் போறன்."

அவர் என்னை இரக்கத்தோடு நோக்கினார். உற்றாரும் இன்றி, உத்தியோக காரியமும் இன்றி, சித்திரை வெயிலில் நடக்கப் போகிறவனுக்கு வேறென்ன கிடைக்கும்? சற்று நேரத்தின் பின் அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தவாறு சொன்னார்: "நானும் வசாவிளான்தான். தொண்ணூறிலை வெளிக்கிட்டனாங்கள். எங்கடை பக்கத்துக்குக் கோச்சி வந்திட்டுது, தம்பி. நாங்கள்தான் இன்னும் போய்ச் சேரேல்லை."

மல்லாகத்தில் அவர் இறங்கிவிட்டார். அவ்வொரு வாக்கியம் மாத்திரம் என்னோடு காங்கேசன்துறை வரை வந்தது. வடபகுதியின் இன்றைய நிலையைப் பற்றிப் பல அறிக்கைகள் பக்கம் பக்கமாகக் கூறுவதை அம்மூதாட்டி ஒரு மூச்சிற் கூறிவிட்டார். அதன் பொருளை ஆராய்வதே இக்கட்டுரை.

யாழ்ப்பாணத்துக்கும் இருப்புப்பாதைக்கும் உள்ள உறவு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. 1902ஆம் ஆண்டிலே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான பகுதி முதலிலே திறக்கப்பட்டது. வன்னிக் காட்டை ஊடறுத்து அமைந்த பாதையோடு அது இணைந்து, 1905 ஓகஸ்டிலே கொழும்புக்கு நேர்வழி பிறந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரியிற் கடமையேற்க வந்த லெனாட் வுல்ஃப், அநுராதபுரம் வரையே புகையிரதத்தில் வர முடிந்தது. அங்கிருந்து தபால் வண்டியிலே பிரயாணத்தைத் தொடர்ந்தார். சில மாதங்கள் பிந்தி வந்திருப்பாராயின் அவ்வலைச்சல் அவருக்கு நேர்ந்திராது.

அதன்பின் இப்பாதை நம் வாழ்க்கையின் ஓர் உறுப்பாயிற்று. கொழும்பிலே எழுதுவினைஞராய் இருந்தவர் விடுமுறைக்கு ஊர் வந்ததும், தோட்டக்காரன் வெங்காயத்தையும் மிளகாயையும் தெற்கே அனுப்பியதும் இதன் வழியாகவே. 1956 ஏப்பிரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது, தெய்வத்தின் பெயரைப் போன்ற அப்பெயரை மக்கள் உரிமையோடு ஏற்றுக்கொண்டனர். 1985 சனவரியிலே முறிகண்டிக்கு அருகில் அதே யாழ்தேவி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1990 யூனில் சேவை முற்றாக நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. பிரயாணத்துக்கென்று போடப்பட்ட இரும்பு ஒளிந்திருப்பதற்கு உதவியது என்பதைவிட அக்காலத்தை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை.

யுத்தம் 2009இல் முடிவுற்ற பின்னர், இந்தியாவின் கடனுதவியோடு, இந்திய அரசின் இர்கொன் நிறுவனம் பாதையை மீண்டும் அமைத்தது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சிலே பளைக்கும், அவ்வாண்டு ஒக்டோபர் 13ஆந் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரி 2ஆந் திகதி காங்கேசன்துறைக்கும் புகையிரதம் வந்து சேர்ந்தது. அநுராதபுரத்துக்கு வடக்கேயுள்ள பழைய பகுதியைச் செப்பனிடுவதற்காக 2023இல் ஆறு மாதங்களும், மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையிலான வேலைக்காக 2024இல் ஒக்டோபர் வரையும் நேர்ச்சேவை நிறுத்தப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயல் நாட்டின் இருப்புப்பாதைகளை மீண்டும் பல இடங்களிற் சிதைத்தது. இத்தனை இடையூறுகளுக்குப் பின்னும், பாதையை மறுபடியும் அமைத்தே தீரவேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அது நன்று.

ஆயின் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். புகையிரதம் ஏன் எப்பொழுதும் முதலில் வந்துவிடுகிறது? இருப்புப்பாதை என்பது சில யார் அகலமுள்ள ஒரு நாடா. அந்நாடா அரசுக்குச் சொந்தமானது. அதிலுள்ள கண்ணிவெடிகளை அகற்றி, கல் நிரப்பி, தண்டவாளம் போட்டு, ஒரு நாளிலே கொடியசைத்துத் தொடக்கி வைக்கலாம். நடப்பவனுக்கோ அந்நாடா போதாது. அவனுக்கு இருமருங்கிலும் உள்ள நிலம் வேண்டும், தண்ணீர் கேட்க ஒரு படலை வேண்டும், திரும்புவதற்கு ஓர் ஒழுங்கை வேண்டும், "ஆரிட்டைப் போறியள்?" என்று கேட்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். புகையிரதம் ஓடுவதற்கு அரசின் ஆணை போதும். தனி ஒருவன் அச்சமின்றி நடப்பதற்கு ஊர் முழுவதும் உயிர்பெற்றிருத்தல் வேண்டும்.

பாதை மீண்ட முதலாண்டுகளிலேயே இவ்வுண்மையின் ஒரு பக்கம் நமக்குத் துயரமாகத் தெரிந்தது. இருபத்து நான்கு ஆண்டுகள் புகையிரதத்தின் ஊதலைக் கேளாமலே குடாநாட்டிலே ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. காவலற்ற கடவைகளிலே பலர் உயிரிழந்தனர். வண்டி வந்துவிட்டது, அதன் பக்கத்திலே நடக்கவும் கடக்கவும் வேண்டிய மக்களைப் பற்றிய நினைவு பிந்தியே வந்தது.

இது நமக்கு மாத்திரம் உரிய குறையன்று. யப்பான் தேசத்தின் வடகிழக்குக் கரையை எண்ணிப் பாருங்கள். 1689ஆம் ஆண்டிலே பாஷோ என்னும் கவிஞர் அந்நாட்டின் வடபுலத்தைக் கால்நடையாகவே சுற்றினார். அந்நடையிலிருந்து பிறந்த உரைநடை நூலை உலகம் இன்றும் படிக்கின்றது. அவர் நடந்த அவ்வடபுலத்தின் கரையை 2011 மார்ச் 11ஆந் திகதி ஆழிப்பேரலை அழித்தது. 2004ஆம் ஆண்டு மார்கழியிலே வடமராட்சி கிழக்கைக் கண்டவர்களுக்கு அவ்வழிவை விளக்கத் தேவையில்லை. அங்கே சன்ரிக்கு என்னும் சிறிய புகையிரத நிறுவனம், பேரலை வந்த ஐந்தாம் நாளே எஞ்சியிருந்த ஒரு துண்டுப் பாதையில் வண்டியை ஓட்டியது. 2014இல் அதன் பாதை முழுவதும் மீண்டது. ஆனால் அந்நாட்டார் அத்தோடு நின்றுவிடவில்லை. அழிந்த கரை நெடுகிலும், அவோமொரி மாகாணத்திலிருந்து ஃபுக்குஷிமா மாகாணம் வரை, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் நீளமான நடைபாதை ஒன்றை வகுத்து, 2019இல் முழுமையாகத் திறந்தனர். தனியே வருபவர் சிறிது தூரம் புகையிரதத்திற் செல்லலாம். இறங்கி அடுத்த நிலையம் வரை நடக்கலாம். மீனவர் ஊரிலே தங்கி, அன்று நடந்ததை அவ்வூரார் வாயாற் கேட்கலாம்.

அதே கரையின் தென்பகுதியில் இன்னொரு காட்சியும் உண்டு. அணு உலை விபத்தினால் மக்கள் வெளியேறிய ஃபுதபா என்னும் ஊருக்கு 2020 மார்ச்சிலே புகையிரதம் திரும்பியது. அவ்வூரிலே மக்கள் மீண்டும் வசிப்பதற்கு 2022 ஓகஸ்ட் வரை அனுமதி இருக்கவில்லை. இரண்டரை ஆண்டுகள், குடிகள் இல்லாத ஊருக்குப் புதிய நிலையமும் புதிய வண்டியும் இருந்தன. அங்கே தடுத்தது கதிர்வீச்சு. இங்கே தடுத்தவை வேறு. மல்லாகத்தில் இறங்கிய மூதாட்டியின் வாக்கியம் ஃபுதபா மக்களுக்கும் விளங்கியிருக்கும்.

இனி என் நடைக்கு வருகிறேன். காங்கேசன்துறையில் இறங்கி மேற்கே கீரிமலையை நோக்கி நடந்தேன். வலப்புறத்திலே கடல், இடப்புறத்திலே பற்றைகள். பற்றைகளுக்கு நடுவே கூரையற்ற வீடுகள், சுவரைப் பிளந்து கிளைத்த ஆலங்கன்றுகளைத் தாங்கி நின்றன. அடுத்த வளவிலே புதிய சுவர், புதிய கிணற்றுக்கட்டு, கிளுவைக் கதியால் நட்ட புதிய வேலி. மீண்டு வந்தவரின் வளவும் வராதவரின் வளவும் இப்படி மாறி மாறி வந்தன. வண்டியின் யன்னலூடாகப் பார்ப்பவனுக்கு இவ்விரண்டும் ஒரே பசுமையாய் மறைந்துவிடும். நடப்பவன் எண்ணிக்கொண்டே செல்லலாம்.

கீரிமலைக் கேணியிலே நன்னீர், ஒரு மதிலுக்கு அப்பால் உப்புக்கடல். ஆறில்லாத இக்குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் மழைநீரை உள்வாங்கி இவ்விடத்திலே ஊற்றாக வெளிவிடுகின்றது. குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி இதில் நீராடி நலம் பெற்றாள் என்பதும், அதனாலேயே மாவிட்டபுரம் என்னும் பெயர் உண்டாயிற்று என்பதும் நாமறிந்த ஐதிகம். நாடு விட்டு நாடு வந்த ஒரு பெண்ணுக்கு இவ்வூர் இடங்கொடுத்தது என்பதே அக்கதையின் சாரம் என எனக்குத் தோன்றியது. மாவிட்டபுரம் வழியாகத் தெல்லிப்பழை வந்து அன்றிரவு தங்கினேன்.

மறுநாட் காலை கட்டுவன் வழியாக வசாவிளானுக்கு நடந்தேன். செம்மண் தோட்டங்களிலே நீர் பாய்ந்துகொண்டிருந்தது. வழியில் மூவர் என்னை நிறுத்தி யார் வீட்டுக்கு என்று கேட்டனர். இருவர் தண்ணீர் தந்தனர். வசாவிளான் சந்தியோடு என் நடை முடிவுற்றது. அங்கிருந்து பலாலி செல்லும் வீதி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொதுமக்களுக்கு மூடியிருந்து, அம்மாதம் 10ஆந் திகதியே திறக்கப்பட்டிருந்தது. திறந்தபோது சில நிபந்தனைகளும் விதிக்கப்பட்டன: காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணி வரையே செல்லலாம், வாகனத்தை இடையிலே நிறுத்தலாகாது, படம் பிடித்தலாகாது, நடந்து செல்லலாகாது.

கடைசி நிபந்தனையை வாசகர் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று. வீதி திறந்தது, நடை திறக்கவில்லை. பேருந்திலே அமர்ந்து, கண்ணாடியூடாகத் தன் வளவைக் கண்டு கடந்து செல்ல ஒருவருக்கு அன்று உரிமை இருந்தது. அதன் படலையிலே ஒரு கணம் நிற்பதற்கு உரிமை இருக்கவில்லை. வீதி திறந்ததனால் விளைந்த மகிழ்ச்சியை நான் குறைத்துக் கூறவில்லை. அவ்வழியே சென்றவர்களிற் பலர் கண்ணீர் மல்கிச் சென்றிருப்பர். பாதுகாப்பு என்னும் காரணத்தையும் ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கின்றது. எனினும் 2009க்குப் பின் பதினாறு ஆண்டுகள் கழிந்த நிலையில், காலால் நடக்கும் ஒருவரால் விளையும் ஆபத்து யாது என்று கேட்பது தவறாகாது. இத்தகைய நிபந்தனைகள் நாளுக்கு நாள் தளரலாம். தளரும் ஒவ்வொரு நாளும் சமாதானம் ஓரடி முன்வைத்த நாளாகும்.

நம் முன்னோர் நடப்பவனை மறக்கவில்லை. தலைச்சுமையை இறக்கி இளைப்பாறச் சுமைதாங்கி, மாடு உடலை உரைஞ்ச ஆவுரோஞ்சிக் கல், அருகே கேணி, ஒதுங்குவதற்கு மடம் என வழி நெடுகிலும் அமைத்தனர். பருத்தித்துறையிலே வீதியையே உள்ளடக்கிய தெருமூடி மடம் இன்றும் நிற்கின்றது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரை வழியாகக் கதிர்காமம் வரை நடந்து செல்லும் அடியார் கூட்டம், யுத்தத்தினால் தடைப்பட்டும் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. போய் வந்தவன் போகப் போகிறவனுக்கு வழி கூறுவதையே ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையாக்கிய மொழி நம்முடையது. அம்மொழிக்குரிய நாட்டிலே நடப்பவனுக்கு வழி இல்லையென்றால் குறை எங்கே இருக்கின்றது?

செய்யத்தக்கவை பெருஞ்செலவு வேண்டுவனவல்ல. காவலற்ற கடவைகளுக்குத் தடையும் காவலரும் வேண்டும். ஒவ்வொரு புகையிரத நிலையத்திலும், அங்கிருந்து நடந்து சென்று காணத்தக்க கோயில், கேணி, கடற்கரை, நூலகம் ஆகியவற்றைக் காட்டும் பலகை ஒன்று வேண்டும். சிதைந்து கிடக்கும் சுமைதாங்கிகளையும் மடங்களையும் பிரதேச சபைகள் திருத்தலாம். வீதிகளை அகலமாக்கும்போது வெட்டப்படும் நிழல்மரங்களுக்கு ஈடாக மரம் நடலாம். 2023இல் தொடங்கிய நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலில் வந்திறங்குவோருக்கு அத்துறையிலிருந்து கீரிமலை வரை ஒரு நல்ல நடைபாதை அமைத்துக் கொடுக்கலாம். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவரை ஆண்டுக்கு ஒருமுறையாவது பேருந்திலன்றிப் புகையிரதத்தில் ஏற்றி, ஒரு நிலையத்தில் இறக்கி, அடுத்த நிலையம் வரை நடத்திச் செல்லுங்கள். தம் ஊரின் புவியியலையும் வரலாற்றையும் அவர்கள் கால்களாற் கற்பர். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, உரியவரின் நிலம் உரியவரிடம் சேர்தல் வேண்டும். அது நிகழாதவரை ஏனையவை அலங்காரமாகவே எஞ்சும்.

அன்று மாலை தெல்லிப்பழை நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தேன். ஒருவரும் அழையாமல் வந்த எனக்கு இரண்டு நாட்களிலே ஐந்து கிணறுகளின் தண்ணீர் கிடைத்திருந்தது. அம்மூதாட்டிக்குத் தம் சொந்தக் கிணற்றின் தண்ணீர் முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கிடைக்கவில்லை. அவர் ஒருநாள் மல்லாகத்தில் இறங்காமல் தெல்லிப்பழை வரை வந்து, கட்டுவன் வழியே தனியாக நடந்து, தம் படலையைத் தாமே திறப்பாராயின், அன்றைக்குத்தான் வடபகுதிக்குப் புகையிரதம் முழுமையாக வந்து சேர்ந்தது என்று நாம் எழுதிக்கொள்ளலாம்.